கொட்டாஞ்சேனையில் நான் அரசனாக ஆடிய கூத்து

என் குரல் தடித்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர் என்னைப் பின்வரிசையில் நிறுத்தி, "நீர் வாயை மட்டும் அசையும் பிள்ளை" என்று சொல்லிவைத்திருந்தார். வேலைக்கு வந்த பிறகு கந்தோர்த் தொலைபேசியை நான் எடுத்தால், மறுமுனையில் இருப்பவர்கள் "சேர்" என்றுதான் கதைக்கத் தொடங்குவார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். நான் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் அண்ணாவும் அண்ணியும் வாடகைக்கு எடுத்திருந்த மேல்மாடி வீட்டில் அவர்களோடு தங்கியிருந்தேன். றெயில் போகும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கும். அண்ணா பின்னேரம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தால் கதவைப் பூட்டி, குறுக்கே கதிரை ஒன்றையும் இழுத்துவைப்பார். அதன் பிறகு யாராவது மணி அடித்தால் நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

கந்தோரில் என் பக்கத்து மேசையில் இருந்தவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த ஒரு கத்தோலிக்க அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போதே ஏதாவது பாடிக்கொண்டுதான் பிரிப்பார். ஒருநாள் நான் தொலைபேசியில் ஒருவருக்குப் பாலிசி இலக்கங்களை உரத்து வாசித்து முடித்துவிட்டுத் திரும்பினால், அக்கா நாடியில் கைவைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குரல வச்சுக்கிட்டு நம்பர் வாசிச்சிக்கிட்டு இருக்கீங்களே. எங்க கூத்துக்கு ஒரு ராஜா வேணும். வாறீங்களா?"

பகிடி என்று நினைத்தேன். அவர் பகிடி விடவில்லை.

அவர்கள் வீதியில் ஆண்டுதோறும் ஈஸ்டர் முடிந்த கையோடு மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் நாட்டுக்கூத்து நடக்கும். ஆண்கள்தான் ஆடுவார்கள், பெண் வேடமும் அவர்களே. பொழுதுபட்ட பிறகுதான் ஒத்திகை. இராணுவச் சுற்றிவளைப்புகள் தொடங்கிய பிறகு அது சரிவரவில்லை. ஒத்திகைக்கு வந்துகொண்டிருந்த ஒருவரை வழியில் பிடித்துக்கொண்டு போய், அவருடைய முதலாளி வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒத்திகைக்கு ஒருவரும் வரவில்லை. மத்தளம் அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது.

"அதுக்காகக் கூத்த நிப்பாட்டணுமா?" என்றார் அக்கா. "நாங்க சின்னதுல இருந்து முன்னுக்குப் பாயில ஒக்காந்து பாத்தவங்க. எல்லாப் பாட்டும் மனப்பாடம். பொம்பளைங்க நாங்களே ஆடுவோம்னு சொல்லிட்டேன். மத்தளத்துக்கு எங்க வீட்டுக்காரர் இருக்கார். ராணி இருக்கா, மந்திரி இருக்கா, வேடன் இருக்கான். ராஜாதான் இல்ல. எவ பாடினாலும் ராஜா பூனைக்குட்டி மாதிரி இருக்கான்."

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது யன்னலுக்கு வெளியே பார்த்தபடி எனக்குள் சிரித்துக்கொண்டு போனேன். என் குரலை ஒருவர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

அண்ணியிடம் மட்டும் சொன்னேன். அண்ணி கதையைக் கேட்டு முடிக்கும்வரை வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு இருந்தார்.

"மீசை வைப்பியோ?"

"வைக்கத்தானே வேணும்."

"அப்ப போ. கொண்ணாவுக்குத் தையல் வகுப்பெண்டு சொல்லுவம்."

ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் தையல் வகுப்புக்குப் போனேன். கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழக்கடைகளையும் மெழுகுதிரிக் கடைகளையும் தாண்டி நடந்தால், மண்டபத்தை அடையும் முன்பே மத்தளச் சத்தம் கேட்கும். பகல் வெயிலில் தகரக்கூரை கொதித்துக்கொண்டிருக்கும். பெண்கள் சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் சதங்கை கட்டி, வட்டமாக நின்று மிதிப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நெல்லுக் குத்துகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

எனக்கு முதல் நாள் கால் ஒருபக்கம் போனது, வாய் ஒருபக்கம் போனது. பாடினால் மிதிக்க மறந்தேன். மிதித்தால் பாட்டு நின்றது. அக்கா என்னை ஏசவில்லை. மத்தளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, "மொதல்ல நடங்க. ராஜா மாதிரி இல்ல. மத்தியானம் சோத்துப் பார்சல் பிந்திச்சின்னா கந்தோர்ல ஒரு நட நடப்பீங்களே, அந்த மாதிரி நடங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நடந்து காட்டினேன். அதுதான் என் அரசனின் நடையாக நிலைத்தது.

கதை எளியது. ஊர்ப்பேச்சைக் கேட்டு அரசன் தன் ராணியைக் காட்டுக்கு அனுப்பிவிடுகிறான். பிறகு உண்மை தெரிந்து தேடிப் போகிறான். காட்டில் அவளைத் தங்கைபோல் காத்துவந்த வேடன் அரசனை எதிரி என்று நினைத்துத் தடுக்கிறான். இருவரும் வாள் எடுத்துச் சண்டை போட, ராணி நடுவில் வந்து நிற்கிறாள். விடிய விடிய ஆடுகிற கூத்து அது. எல்லோரும் இருட்டுவதற்கு முன்பு வீடு போய்ச் சேரவேண்டும் என்பதற்காக அக்கா அதைப் பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிகிற கூத்தாக வெட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டை வெட்டும்போதும் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். மந்திரியாக ஆடிய பெண் தன் புத்திமதிப் பாட்டை வெட்டியதற்காக ஒரு ஞாயிறு வரவேயில்லை. பிறகு அக்காவே வீட்டுக்குப் போய் இரண்டு அடியைத் திருப்பிக் கொடுத்துக் கூட்டிவந்தார்.

மெட்டிலும் ஒரு பிரச்சினை வந்தது. ராணியாக ஆடியவர் மன்னாரிலிருந்து வந்து கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்த ஒரு நேர்ஸ். புலம்பல் பாட்டை அவர் தன் ஊர் மெட்டில்தான் பாடுவார். கொட்டாஞ்சேனைக்காரர்கள், "இது எங்க மெட்டு இல்ல" என்றார்கள். நான் யாழ்ப்பாணத்தில் கேட்ட மெட்டு வேறு. இரண்டு கிழமையாக அந்த வாதம் நடந்தது. கடைசியில் மத்தளக்கார அண்ணன்தான், "ராணி வேற தேசத்துல இருந்து கட்டிக்கிட்டு வந்தவதானே. அவ அவ ஊர் மெட்டுலதான் அழுவா" என்று சொல்லி முடித்துவைத்தார். அதற்குப் பிறகு அந்தப் புலம்பலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அது சரியென்றே பட்டது. அழும்போது யாரும் அடுத்த ஊர் மெட்டைத் தேடுவதில்லை.

உடுப்புத் தைத்தவர் கிராண்ட்பாஸிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அக்கா; ராத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அக்காவின் குடும்பத்துக்கு நெடுங்காலமாகத் தைப்பவர். அளவு எடுக்க என் தோளைத் தொடக் கதிரையில் ஏறவேண்டியிருந்தது. "இவ்வளவு ஒசரம் ஈக்கிற ராசாக்கு அஞ்சு யார் துணி பத்தாது புள்ள" என்று முறைப்பட்டார். பழைய யன்னல் திரைச்சீலை ஒன்றை உரித்து, அதன் ஓரத்துச் சரிகையை மேலங்கிக்கு வைத்துத் தைத்தார். போட்டுப் பார்த்தபோது யன்னல்தான் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அரசனின் முடியையும் வாள்களையும் வீட்டில் அண்ணி செய்தார். அண்ணா கந்தோரில் இருக்கும் நேரம் பார்த்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுப்பார். முடியை மட்டையில் வெட்டி, மினுங்குகிற கிளிற்றர் ஒட்டி, உச்சியில் கோழிச் சிறகு ஒன்றைச் சாயம் போட்டுக் குத்தினார். தச்சுப்பட்டறையில் சொல்லி வெட்டுவித்த இரண்டு மரவாள்களுக்குச் சிகரட் பெட்டித் தாளைச் சுற்றினார். மீசையைக் கறுப்பு நூலில் கட்டிச் சீப்பால் வாரினார். அண்ணி அவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலை செய்ததை நான் அதுவரை கண்டதில்லை.

கூத்து நாள் காலை அண்ணா முகம் கழுவப் போனவர் குளியலறையிலிருந்து கத்தினார். "இதென்ன, கரப்பானே?"

அலம்பிக் காயவைத்த மீசை கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. அண்ணா செருப்பைத் தூக்கிவிட்டார். அண்ணி ஓடிப்போய்க் கையால் மறைத்தார். பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அண்ணா கதிரையில் இருந்து கேட்டார். கேட்டு முடித்ததும் சத்தம் போடவில்லை. "நாடு கிடக்கிற கிடையிலை, இரண்டு வாளைத் தூக்கிக்கொண்டு காலி வீதியாலை போகப்போறாயோ?" என்று மட்டும் கேட்டார்.

"மரவாள் அண்ணா."

"அது உனக்குத் தெரியும்."

அவர் சொன்னது பிழையில்லை. ஆனால் மூன்று மணிக்கு அங்கே சனம் வந்து இருக்கும். நான் போகாவிட்டால் ராணி யாருக்காக அழுவாள்? பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நீளமான வாள்கள் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றதால் அண்ணி அவற்றைப் பழைய சீலைத்துண்டால் சுற்றிவிட்டிருந்தார். இப்போது யோசித்தால், அதைவிடச் சந்தேகமான ஒரு பொதியைச் செய்திருக்க முடியாது.

காலிமுகத்திடலுக்குச் சற்று முன்னால் பஸ் நின்றது. "பஹின்ன, பஹின்ன" என்று ஒரு சிப்பாய் படிக்கட்டில் தட்டினான். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. பொதியைச் சுட்டி, "மே மொகத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

சீலையை விரித்தேன். வெயிலில் இரண்டு வாள்களும் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மின்னின. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் மெல்ல ஒதுங்கினார்கள். சிப்பாய் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டு யாரையோ கூப்பிட்டான். ஒரு சார்ஜனும் பெண் பொலிஸ் ஒருவரும் வந்தார்கள்.

"சிங்ஹல புளுவந்த?" என்றார் பெண் பொலிஸ்.

"டிக்கக்" என்றேன். கொஞ்சம்தான் தெரியும். தெரிந்த அந்தக் கொஞ்சமும் அந்த நேரம் ஓடிப்போய்விட்டது. "நாடகம், நாடகம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். முடியை எடுத்துக் காட்டினேன். மேலங்கியைக் காட்டினேன். கடைசியில் மீசையை எடுத்து உதட்டுக்கு மேல் பிடித்துக் காட்டினேன். சார்ஜன் சிரிக்கவில்லை. வாளை விரலால் தட்டிப் பார்த்தார், மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார். நாடகம் என்றால் ஆடிக்காட்டு என்பதுபோல் தெருவைச் சுட்டிக் கையை அசைத்தார்.

அந்த இடத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. ஆனால் அழுதால் இன்னும் சந்தேகப்படுவார்கள் என்று தோன்றியது. பையைக் கீழே வைத்தேன். சேலையைச் செருகினேன். "வடதிசை ஆளும் மன்னன் வந்தேனே" என்பதுதான் என் வரவுப் பாட்டின் முதல் அடி. வாயைத் திறந்த பிறகுதான், வடக்கில் போர் நடக்கும்போது அந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று விளங்கியது. அவர்களுக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ, நான் அதைச் சோதித்துப் பார்க்க விரும்பவில்லை.

"கடல்திசை ஆளும் மன்னன் வந்தேனே – எந்தன்
வாசலில் முரசொலிக்க வந்தேனே!"

முதல் அடி நடுங்கித்தான் வந்தது. இரண்டாவது அடியில் கால் தானாகத் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் கடல் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலாக என் குரல் போனது. பஸ் கொண்டக்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நான் ஒரு சுற்றுச் சுற்றி, தாளம் தீர்த்து, மிதித்து நின்றேன்.

பிறகு பெண் பொலிஸ் குனிந்து முடியை எடுத்து, சரிந்திருந்த கோழிச் சிறகை நிமிர்த்தி, என் கையில் தந்தார். தங்கள் ஊரிலும் இப்படி ஆடுவார்கள், ஆனால் ஆண்கள்தான் ஆடுவார்கள் என்று அவர் சிங்களத்தில் சொன்னது எனக்குப் பாதி விளங்கியது. சார்ஜன் மட்டும் மசியவில்லை. முடி போகலாம், மீசை போகலாம், வாள் போகாது. பின்னேரம் வந்து எடுத்துக்கொள் என்று சொல்லி, இரண்டையும் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் சாத்திவைத்தார். "ஹரி, யன்ன" என்றார். போ என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவரைக் கும்பிட்டுவிட்டு ஏறினேன்.

பஸ்ஸுக்குள் ஒரு வயதான சிங்கள அம்மா தன் இருக்கையில் நகர்ந்து எனக்கு இடம் தந்தார்.

மண்டபத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பாய்கள் நிறைந்து, யன்னல்களிலும் சனம் ஏறியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். ராணி என் கையைப் பிடித்து நாடி பார்த்தார், நேர்ஸ் அல்லவா. வேடனாக ஆடும் பெண், "வாள் இல்லாம நான் எப்பிடிச் சண்டை போடுறது? கன்னத்துல அறையவா?" என்று கேட்டாள். விளக்குமாறு என்றார் ஒருவர். குடை என்றார் இன்னொருவர்.

ஊசியும் நூலுமாக மூலையில் இருந்த ராத்தா தன் பையைத் துழாவினார். துணி அளக்கிற இரண்டு மரக்கோல்களை எடுத்து நீட்டினார்.

"இத வெச்சிட்டு ஆடுங்க. ஒடச்சிராதீங்க."

அன்று நான் அந்த மேடையில் அரசனாக வந்தேன். ஆனால் வரவுப் பாட்டில் வாய் பழகிய பழக்கத்தில் "கடல்திசை" என்றே வந்துவிட்டது. மத்தளக்கார அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், கை நிற்கவில்லை. பிற்பாட்டுக்காரர்களும் "கடல்திசை" என்றே திருப்பிப் பாடினார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர்தானே. முகத்துவாரத்திலிருந்து வந்திருந்த மீன்பிடிக் குடும்பங்கள் அந்த அடிக்கு விசில் அடித்தார்கள்.

ராணி தன் மெட்டில் புலம்பியபோது மண்டபம் அடங்கிப்போனது. அவ்வளவு பாட்டுகளை வெட்டியும் அக்கா அந்தப் பாட்டை முழுதாக விட்டிருந்தார். ஏன் என்று அப்போது விளங்கியது. பாயில் இருந்த பெண்கள் பலர் வீட்டையும் ஊரையும் விட்டு வந்து வாடகை அறைகளில் இருந்தவர்கள். அவர்கள் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அழ ஒரு இடம் கிடைத்தது போல, கொஞ்சம் ஆறுதலாகவும் அழுதார்கள்.

பிறகு சண்டை. கோலும் கோலும் மோதும்போது டக் டக் என்று நல்ல சத்தம். மரவாளுக்குக்கூட அந்தச் சத்தம் வந்ததில்லை. மூன்றாவது சுற்றில் வேடன் ஓங்கி அடித்த அடியில் என் கோல் நடுவால் முறிந்து, பாதி பறந்துபோய் முன்பாயில் விழுந்தது. சனம் எழுந்து நின்று கைதட்டியது. வேடன் பயந்துபோய் நின்றுவிட்டாள். ராணி அந்த இடைவெளியில் ஓடிவந்து நடுவே நின்றார். ஒத்திகையில் ஒருநாளும் அவ்வளவு சரியான நேரத்துக்கு அவர் வந்ததில்லை. திரைக்குப் பக்கத்தில் ராத்தா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

மங்களம் பாடும்போதுதான் அண்ணாவைக் கண்டேன். கதவுக்குப் பக்கத்தில், அண்ணியின் கைப்பையைப் பிடித்தபடி நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது.

முடிந்ததும் முகத்தைக் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். பிளேன்டீயும் கேக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் திருநீறோடு ஒரு பெரியவர், வெளிநாட்டு விசாவுக்காகக் கொழும்பில் காத்திருப்பவர், என்னிடமே வந்து கேட்டார். "பிள்ளை, ராசாவாய் ஆடின தம்பி எங்கை? கண்டு கைகுடுத்திட்டுப் போவமெண்டு நிக்கிறன். என்ன குரல், என்ன குரல்."

"நான்தான் ஐயா" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உதட்டுக்கு மேல் ஒட்டியிருந்த பசையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பும்போது எங்கள் பஸ்ஸை எவரும் மறிக்கவில்லை. வாளை எடுக்க இறங்குவோமா என்று அண்ணி கேட்டார். "அது கிடக்கட்டும்" என்றார் அண்ணா. கொள்ளுப்பிட்டி தாண்டியதும், என்னைப் பாராமல், "தாளம் போட்ட பிள்ளை இரண்டு இடத்திலை பிந்தினது" என்றார். எனக்கு அண்ணாவின் மனம் விளங்கியது. அண்ணி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

வேலைநாள் வந்ததும் முதல் வேலையாக, புறக்கோட்டையில் புதுக்கோல் ஒன்று வாங்கி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ராத்தா அதை வாங்கிக்கொண்டு, முறிந்த துண்டையும் வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். பிள்ளைகளின் குட்டைச்சட்டை அளக்க அதுவே வசதியாம்.

அடுத்த ஆண்டு கதை வேறு. நான் அதில் கடல் கடந்து வியாபாரம் செய்யும் ஒரு செட்டியார். வெள்ளவத்தையிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான்கு பேராகப் போனோம், அண்ணியும் பிற்பாட்டுக்கு. தாளம் போட ஆள் இல்லை என்று அக்கா சொன்னபோது, அண்ணா சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு இறங்கினார். முதல் நாளே மூன்று இடத்தில் பிந்தினார். அக்கா மத்தளத்தை நிறுத்தி, "அண்ணே, நீங்க தாளத்த பாக்காதீங்க, செட்டியார் கால பாருங்க" என்றார். அன்றிரவு எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இரண்டு கரண்டிகள் மோதிக்கொண்டேயிருந்தன. சோறு ஆறுகிறது என்று அண்ணி சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பாடத் தொடங்கினார்.